எப்போது பார்த்தீர்கள், யாரைக் கேட்டீர்கள்? பராமரிப்புத் தர ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் குடும்ப வைத்திய நிலையங்களையும் பரிசோதித்து மதிப்பிடும் இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணைக்குழுவின் (Care Quality Commission) தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், ஜி.பி. (குடும்ப வைத்தியர்) நிலையங்களுக்கு வந்துபோகும் பரிசோதகர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். படிக்க விரும்பினால் நீங்கள் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். அவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகு அவர் சொல்வதை நம்ப வேண்டும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் எங்கள் வீட்டு முதியவர்கள் வைத்தியரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். உங்களுக்குச் சிரமம் கொடுப்பது என் நோக்கமே இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது.

நான் கிழக்கு இலண்டனில் ஒரு ஜி.பி. நிலையத்தின் நோயாளர் குழுவில் இருப்பவன். அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் முறைப்பாடு அதன் மேல் அல்ல. அதன் சுவரில் ஒட்டியிருக்கும் உங்கள் சுவரொட்டியின் மேல்தான்.

நீங்கள் கொடுக்கும் மதிப்பீட்டை ('மிகச் சிறப்பு', 'நல்லது', 'முன்னேற வேண்டும்', 'போதாது' என்ற நான்கில் ஒன்று) மக்கள் பார்க்கும் இடத்தில் காட்ட வேண்டும் என்பது 2015 ஏப்ரலிலிருந்து சட்டம். நல்ல சட்டம். எங்கள் காத்திருப்பு அறையிலும் இருக்கிறது: பெரிய எழுத்தில் 'நல்லது', பக்கத்தில் பச்சை வட்டம். பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கேற்ற சேவை, தலைமை என்று நீங்கள் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கும் தனித்தனியாக வட்டங்கள். கடைசியாக மதிப்பிட்ட நாளும் இருக்கிறது, சிறிய எழுத்தில். அந்த நாளைப் படித்துப் பார்த்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அதற்குப் பிறகு மூத்த வைத்தியர் ஓய்வுபெற்றுவிட்டார். முகாமையாளர் மாறிவிட்டார். தாதிகள் வந்தார்கள், போனார்கள். பக்கத்தில் ஒரு நிலையம் மூடப்பட்டு, அங்கிருந்த நோயாளர்களில் பெரும்பகுதியினர் எங்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். பச்சை வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் தொடங்கிய விதத்தில் எனக்குக் குறையில்லை. ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளர்கள் கவனிப்பாரின்றி விடப்பட்ட கொடுமைகளைப் பற்றிய ஃபிரான்சிஸ் அறிக்கை 2013இல் வெளிவந்தபோது, யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று நாடு முழுவதும் கேட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜி.பி. நிலையங்கள் உங்கள் பதிவேட்டுக்குள் வந்தன. 2014 அக்டோபரில் மதிப்பீடு தொடங்கியது. 2017 தொடக்கத்துக்குள் இங்கிலாந்தின் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுப் போய் முடித்துவிட்டீர்கள். அதைச் சாதனை என்றே சொல்வேன். வேல்ஸிலும் பரிசோதகர்கள் ஜி.பி. நிலையங்களுக்குப் போகிறார்கள், ஆனால் இப்படிச் சொல் கொடுத்துத் தரம் பிரிப்பதில்லை. அந்தச் சுற்று முடிந்தபோது பத்தில் ஏறக்குறைய ஒன்பது நிலையங்கள் 'நல்லது' அல்லது அதற்கு மேல் என்ற நிலையில் இருந்தன. மகிழ்ச்சிதான். ஆனாலும் இத்தனை பேர் ஒரே சொல்லுக்குள் அடங்கினால், தெருவின் இந்தப் பக்கத்து நிலையத்துக்கும் அந்தப் பக்கத்து நிலையத்துக்கும் இடையே ஒருவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டும். 2019இல் ஒரு மாற்றம் செய்தீர்கள்: 'நல்லது', 'மிகச் சிறப்பு' என்று பெயர் வாங்கிய நிலையங்களுக்கு ஐந்து ஆண்டுகள்வரை இடைவெளி விடலாம், நடுவில் ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தால் போதும் என்று. 2020 மார்ச்சில் கொவிட் வந்ததும் வழக்கமான பரிசோதனைகளை நிறுத்தினீர்கள். அப்போது அது சரியான முடிவு. 2021இலிருந்து கையிலிருக்கும் தரவுகளை மாதந்தோறும் புரட்டிப் பார்த்துவிட்டு, பரிசோதனை நடத்தவோ மதிப்பீட்டை மாற்றவோ தேவை இருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை என்று உங்கள் தளத்தில் ஒரு வரி போட்டு வந்தீர்கள். போய்ப் பார்க்காத இடத்தில் சான்று எப்படிக் கிடைக்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2023 நவம்பரில் மருத்துவமனை, முதியோர் இல்லம், ஜி.பி. நிலையம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் என்று புதிய முறையைக் கொண்டுவந்தீர்கள். 34 தரக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி. அதனால் என்ன ஆயிற்று என்பதை 2024இல் அரசின் வேண்டுகோளின்பேரில் வைத்தியர் பென்னி டாஷ் எழுதிய அறிக்கைகள் சொல்லிவிட்டன. 2019-20இல் ஏறக்குறைய 16,000 பரிசோதனைகள். 2023-24இல் 7,000க்கும் குறைவு. உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருபோதும் மதிப்பீடே கொடுக்கப்படவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த பரிசோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து இன்றைய மதிப்பீடு என்று ஒன்றைக் காட்டியதையும் அவர் சுட்டிக்காட்டினார். சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், அமைப்பு அதன் வேலைக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கிறது என்றே சொன்னார். அதே ஆண்டில், முன்பு உங்கள் மருத்துவமனைத் தலைமைப் பரிசோதகராக இருந்த சர் மைக் ரிச்சர்ட்ஸ், துறைக்கு ஒரு தலைமைப் பரிசோதகர் என்ற பழைய முறைக்குத் திரும்பச் சொன்னார். அந்தச் சட்டகத்தைத் திருத்தும் வேலையில் இறங்கியிருக்கிறீர்கள் என்று அறிகிறேன். திருத்துகிற வேளையில் எழுதினால்தானே பயன் என்றுதான் இந்த மடல்.

உங்கள் பரிசோதகர்கள் வேலையே செய்வதில்லை என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். வந்தால் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். தடுப்பூசிக் குளிர்பெட்டி இரண்டுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட பாகையில் இருந்ததா, அதைத் தினமும் யாராவது குறித்து வைத்தார்களா என்று பார்க்கிறார்கள். ஒட்சிசன், இதயத்துடிப்பை மீட்கும் கருவி, அவசர மருந்துகள், அவற்றின் காலாவதி நாள், ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, தீ அபாய மதிப்பீடு எல்லாம் பட்டியலில் உண்டு. இவை பரவாயில்லை, முகாமையாளர் ஒரு வாரம் மினக்கெட்டால் கோப்பில் அடுக்கிவிடலாம்.

உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது. உங்களுடன் வரும் ஆலோசக வைத்தியர் நிலையத்தின் கணினிப் பதிவுகளுக்குள் நடத்தும் தேடலைச் சொல்கிறேன். மூட்டுவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனை உரிய காலத்தில் நடந்ததா? மனநோய்க்கான லித்தியம் எடுப்பவர்களுக்கு? ஆஸ்துமாவுக்கு நீல நிற இன்ஹேலர் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்கு மேல் போயிருந்தால் யாராவது அழைத்து ஏன் என்று கேட்டார்களா? மூன்று மாத இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு நீரிழிவின் எல்லையான 48ஐ எட்டியும் 'நீரிழிவு' என்று பதியப்படாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வலிப்பு மருந்தான வால்ப்ரோவேட் கொடுத்தால், கருவுக்கு அதனால் வரும் ஆபத்தை விளக்கினார்களா? வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்காவிட்டால், களைத்துப்போன ஒரு நிலையத்தில் இந்தக் கேள்விகள் ஆண்டுக்கணக்காக எழாமலே போகலாம். நீரிழிவு எங்கள் சமூகத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு தேடலால் யாரோ ஒருவரின் கண்ணும் காலும் தப்பியிருக்கும்.

ஆனால் அந்தத் தேடலுக்கும் எட்டாத ஒன்று இருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டியது. நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனை நடந்ததா என்பது உங்கள் கணினியில் தெரியும். 'வாரத்துக்கு ஒருமுறை' என்பது அதை எடுக்கும் அம்மாவுக்கு விளங்கியதா என்பது தெரியாது. அவருக்கு அதைச் சொன்னது யார்? பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: பள்ளிக்கூடம் போகும் பேத்தி.

என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற பொதுச் சுகாதார சேவை அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டல் இதில் தெளிவாக இருக்கிறது. மொழிபெயர்ப்பு உதவி நோயாளருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அது தொழில்முறையாகப் பயின்றவர்களால் நடக்க வேண்டும், குடும்பத்தவரை நம்பியிருக்கக் கூடாது, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. நடப்பதோ வேறு. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவே ஆங்கிலம் வேண்டும். கேட்டால், இணைப்புக் கிடைப்பதற்குள் பத்து நிமிட நேரத்தில் பாதி போய்விடும். ஆகவே வரவேற்பறையில் கேட்பார்கள்: வீட்டில் யாராவது வர முடியாதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் அம்மம்மாவின் கர்ப்பப்பை இரத்தப்போக்கைப் பற்றி ஓர் ஆண் வைத்தியருக்கு எப்படிச் சொல்லும்? சொல்லாது. 'வயிறு நோகிறதாம்' என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கும். பதிவேட்டில் 'வயிற்று வலி' என்று ஏறும். பிறகு நீங்கள் வந்து பதிவேட்டைப் படித்துவிட்டு, பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றன என்று எழுதிவிட்டுப் போவீர்கள்.

உங்கள் 34 கூற்றுகளில் சேவையை அடைவதில் சமத்துவம் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சரிபார்க்க நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள்? கொவிட்டுக்குப் பிறகு பாதி வேலை தூரத்திலிருந்தே நடக்கிறது: வைத்தியர்களோடு காணொளியில் பேச்சு, பதிவுகளில் தேடல், பிறகு நிலையத்துக்கு ஒரு குறுகிய வருகை. வருவதும் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு. நோயாளர் குழுவில் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நிலையம் யாரைக் கைகாட்டும்? ஆங்கிலம் தடையின்றிப் பேசுகிற, நேரம் வைத்திருக்கிற, நிலையத்தோடு முகம் முறியாத ஒருவரை. என்னைப் போன்ற ஒருவரை, அதாவது. என்னிடம் கேட்டால் நான் என் அனுபவத்தைச் சொல்வேன். என் அனுபவம் நன்றாகத்தான் இருக்கிறது. கைப்பேசியில் படிவம் நிரப்பத் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் வைத்தியம் கிடைத்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து காலை எட்டு முதல் மாலை ஆறரைவரை இணையவழிக் கோரிக்கையைத் திறந்து வைக்க வேண்டும் என்று நிலையங்களுக்கு விதி வந்தது. எனக்கு அது பெரிய வசதி. என் மாமியாருக்கு அது இருப்பதே தெரியாது. எட்டு மணிக்கு வாசலில் போய் நிற்பதுதான் அவர் அறிந்த வழி.

உங்களுக்குக் கருத்துச் சொல்ல இணையத்தில் படிவம் வைத்திருக்கிறீர்கள், தொலைபேசி இலக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே வந்து சேரும் குரல்கள் ஒருவகை ஆட்களுடையவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு, அதை மறைக்கவில்லை. வைத்தியரைக் குறைசொன்னால் அடுத்த முறை சரியாகப் பார்க்கமாட்டார், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார் என்ற பயம் இன்னும் போகவில்லை. வதிவிட உரிமை முடிவாகாமல் இருப்பவர்கள் எந்த அலுவலகத்துக்கும் பெயர் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். ஜி.பி.யிடம் பதிந்துகொள்ள குடிவரவுப் பத்திரமோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை என்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே, முறைப்பாடு எதுவும் வரவில்லை என்று உங்கள் அறிக்கையில் வாசிக்கும்போது, திருப்தியாக இருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

வைத்தியர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் மடல் நேர்மையாக இராது. 1960களிலும் 70களிலும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த வைத்தியர்கள்தான், மற்றவர்கள் போக விரும்பாத நகர்ப்புற ஏழைப் பகுதிகளில் நிலையம் வைத்தார்கள். பலர் தனி ஆளாக, வரிசை வீடொன்றின் முன்னறையில். மொழி தெரிந்த வைத்தியர் என்பதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போனவர்கள் எங்கள் சமூகத்தில் உண்டு. அப்படிப்பட்ட நிலையங்கள் உங்கள் பரிசோதனையில் எப்படி நிற்கின்றன? சிறுபான்மை இனத்தவர் நடத்தும் நிலையங்களைப் பற்றி 2022 ஜனவரியில் நீங்களே ஓர் ஆய்வு வெளியிட்டீர்கள். அவை வறுமையும் நோயும் கூடிய மக்களைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்றும், அந்தச் சூழல் மதிப்பீட்டிலும் எதிரொலிக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டீர்கள். நிலையம் நடத்துபவர்களின் இனப்பின்னணித் தரவு உங்களிடம் முறையாக இல்லை என்பதையும் அதிலேயே சொன்னீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 80 விழுக்காடு, குழந்தைத் தடுப்பூசிக்கு 95 விழுக்காடு என்று இலக்குகள். எட்டாத நிலையத்துக்கு அறிக்கையில் ஒரு வரி விழும். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வரும் அழைப்புக் கடிதம் ஆங்கிலத்தில். அது என்ன பரிசோதனை என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் பேசப்படாது. பெண் தாதி ஒருவர் தமிழில் தொலைபேசி எடுத்துப் பேசினால் வருகிறார்கள், அதைக் கண்டிருக்கிறேன். அந்த அழைப்பை எடுத்த தாதியின் மாலை நேரங்களுக்கு உங்கள் புள்ளிப் பட்டியலில் இடம் இருக்கிறதா? மொத்தம் 80க்குக் கீழே நின்றால், 50இலிருந்து 68க்கு ஏறியதும் 75இலிருந்து 68க்கு இறங்கியதும் சுவரொட்டியில் ஒரே நிறமாகத் தெரியும்.

நீங்கள் தவறுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 நவம்பரில் நிலையங்களை அபாய அளவின்படி ஆறு படிகளில் பிரித்து வெளியிட்டீர்கள். செய்தித்தாள்கள் அந்தப் பட்டியலை எடுத்து எழுதின. கணக்கில் பிழை இருந்தது என்று அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டீர்கள், பிறகு அந்தப் படிமுறையையே கைவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்டது பெரிய மனது. ஆனால் ஒரு சிறிய நிலையத்தின் பெயர் ஊரில் ஒருமுறை கெட்டுப்போனால், திருத்தம் அதே வேகத்தில் போய்ச் சேர்வதில்லை. 'போதாது' என்று விழுந்து, வைத்தியர் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், நோயாளர்கள் அக்கம்பக்கத்து நிலையங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். அங்கே ஏற்கெனவே நெரிசல். ஆபத்தான வைத்தியம் நடக்கும் இடத்தை மூடத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூடும் முன் அங்கே இருந்த தமிழ் பேசும் வைத்தியருக்கு ஈடாக அந்த மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒற்றைச் சொல் மதிப்பீட்டையே எடுத்துவிடுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். பள்ளிகளைப் பரிசோதிக்கும் ஆஃப்ஸ்டெட், ஒரு தலைமையாசிரியையின் மரணம் எழுப்பிய கேள்விகளுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அதை நிறுத்தியது. வைத்தியர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. நாற்பது பக்க அறிக்கையை எங்கள் முதியவர்கள் படிக்கப்போவதில்லை. ஒரு சொல் இருந்தால் அதையாவது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சொல் இருக்கட்டும். ஆனால் குளிர்பெட்டியில் இருக்கும் ஊசிமருந்துக்குக் காலாவதி நாள் பார்க்கும் நீங்கள், உங்கள் மதிப்பீட்டுக்கும் ஒன்று வையுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி போய்ப் பார்க்க முடியவில்லையா? அந்தப் பச்சை வட்டத்தைச் சாம்பல் நிறமாக்கி, 'இந்த மதிப்பீடு பழையது, இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை' என்று அதே பெரிய எழுத்தில் எழுதுங்கள். நிலையத்துக்கு அது அவமானம் இல்லை. தாமதம் உங்களுடையது, அது உங்கள் கணக்கில் தெரியட்டும்.

பரிசோதனையில் எத்தனை நோயாளர்களோடு பேசினீர்கள், அவர்களில் எத்தனை பேரோடு மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினீர்கள் என்று அறிக்கையின் முதற்பக்கத்தில் போடுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே போடுங்கள். ஆங்கிலம் பேசாதவர்கள் மிகுந்த ஒரு பட்டியலை வைத்திருக்கும் நிலையத்துக்கு 'பரிவு', 'தேவைக்கேற்ற சேவை' என்ற இரண்டு வட்டங்களையும் அந்த மக்களைக் கேட்காமல் பச்சையாக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பதியப்பட்ட நோயாளர்களில், கடந்த ஆண்டில் எத்தனை சந்திப்புகளுக்கு உண்மையில் மொழிபெயர்ப்பாளர் வந்தார் என்று தேடுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தேடும் அதே கணினியில், அதே ஆலோசகரைக் கொண்டு இதையும் தேடலாம். நிலையம் அதைப் பதிந்தே வைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கருத்துச் சொல்லும் தொலைபேசி இலக்கத்தில், தமிழில் பேச வேண்டும் என்று ஒரு சொல்லில் கேட்டாலே யாராவது திரும்ப அழைக்கும் ஏற்பாடு இருந்தால் நல்லது. தமிழ் மட்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் காத்திருப்பு அறையில் வங்காளியும் ருமேனியனும் உருதுவும் பேசுபவர்கள் இதே கதையைச் சொல்வார்கள், நான் அவர்களுக்காகப் பேசத் தகுதியுள்ளவன் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

எங்கள் குழு நிலையத்தின் மேல்மாடியில் கூடுகிறது. முகாமையாளரும் வைத்தியர்களும் இல்லாமல் எங்களோடு மட்டும் பேச ஒருவரை அனுப்புவதானால் மாலையில் அனுப்புங்கள். பகலில் எங்களில் பாதிப் பேர் கடைகளில் நிற்பார்கள், மீதிப் பேர் பேரப்பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
நோயாளர் குழு உறுப்பினர் ஒருவர்,
கிழக்கு இலண்டன்